மில்க் வைனும் மச்சாளின்ர மூக்கும்

அடுப்பிலை பால். பக்கத்திலை நான். கையிலை அகப்பை. சத்தியமாச் சொல்லுறன், அந்தப் பாலிலையிருந்து நான் கண்ணை எடுக்கேல்லை.

வளவுக்குள்ளை வலை பொத்திக்கொண்டிருந்த என்ர மனுசன் அங்கையிருந்து கத்தினார். "பிலோ, என்னப்பா கருகுது?"

"ஒண்டும் கருகேல்லை. நீங்கள் உங்கட வலையைப் பாருங்கோ."

"இஞ்சை வரைக்கும் மணக்குதெல்லோ!"

"அது உங்கட மூக்கிலை பிழை."

மனுசன் சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, என்னைத் தள்ளிப்போட்டுப் பானையை இறக்கினார். அகப்பையாலை அடியைச் சுரண்டிக் காட்டினார். தார் மாதிரிக் கறுப்பு. மேலை பால் வெள்ளையாத்தான் கிடந்தது, அதைத்தான் நான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். பிழை ஆற்றை மூக்கிலை எண்டு அவர் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் சண்டை பிடிச்சிருப்பன். கேக்காததாலை அழுதுபோட்டன்.

அது தேத்தண்ணிக்கு வைச்ச பால் இல்லை. பாப்பாமோட்டையிலை எங்களுக்குத் தெரிஞ்ச கமக்காரர் ஒருத்தர் விடியக் கறந்து பஸ்ஸிலை ஏத்தி விட்ட பசும்பால். என்ர ஒரே பிள்ளை ஜெனிற்றாவின்ர கலியாணத்துக்கு மில்க் வைன் போடவெண்டு எடுப்பிச்ச பால்.

கொரோனாக் காய்ச்சல் எனக்கு வந்து போய் அப்ப ஒரு வருசத்துக்கு மேலை. காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, போகேக்கை என்ர மூக்கையும் கொண்டு போச்சு. மீன் பொரிச்சால் மணக்காது. மல்லிகை மணக்காது. கோவிலிலை சாம்பிராணி போட்டால் கண் எரியும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலை டொக்டர், "சிலருக்குச் சுணங்கும் அம்மா, பாத்துக்கொண்டிருங்கோ" எண்டார். எதைப் பாக்கிறது? கண்ணாடியிலை மூக்கையோ?

கறிக்கு உப்புப் புளி பாக்க நாக்கு மட்டும் போதும். மில்க் வைனுக்குக் காணாது.

பேர் மட்டும்தான் வைன்

எங்கட ஊர் வங்காலையிலை ஒரு பொம்பிளையிட்டைப் போய், "சாராயம் குடிக்கிறனீங்களோ?" எண்டு கேட்டுப் பாருங்கோ. விளக்குமாறு எடுப்பா. அதே மனுசியிட்டை, "மில்க் வைன் கொஞ்சம்?" எண்டு கேளுங்கோ. "ஒரு சொட்டு" எண்டு கிளாசை நீட்டுவா. அந்தச் சொட்டு எவ்வளவு பெரிய சொட்டு எண்டு வாக்கிற எனக்குத்தான் தெரியும்.

உள்ளுக்குக் கிடக்கிறது முழுக்கச் சாராயம். ஆம்பிளையள் தவறணையிலை குடிச்சுப்போட்டு வந்து எங்களிட்டை ஏச்சு வாங்கிற அதே சாராயம்தான். அதுக்குள்ளை சீனி, தேசிக்காய்ப் புளி, தோடம்பழத் தோல், முந்திரிகை வத்தல், கறுவா, கராம்பு, ஏலக்காய் எல்லாம் போட்டு ஊறவிடுறது. கடைசியாச் சாதிக்காய் துருவிப் போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊத்தவேணும். ஊத்தின உடனை பால் திரைஞ்சு போகும். முதல் தரம் பாக்கிற ஆக்கள், "ஐயோ, பழுதாப் போச்சு!" எண்டு தலையிலை கை வைப்பினம்.

அதுதான் வேணும். அந்தத் திரைச்சல் சாராயத்தின்ர முரட்டுக் குணத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு கீழை இறங்கும். பிறகு பிளானல் துணியிலை வடிகட்டினால் தேன் நிறத்திலை, தெளிஞ்சு, சொட்டுச் சொட்டா விழும். இதுக்குள்ளை பால் ஊத்தினது எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வேணும். கேக்குக்கு வத்தல் ஊறப்போட வேணும். தடிமன் பிடிச்சால் வேணும். தடிமன் பிடிக்கும்போலை இருந்தாலும் வேணும். வீடு மந்திரிக்க வாற சுவாமி, "வேண்டாம் அம்மா, வெயில்" எண்டுதான் தொடங்குவார், பிறகு கிளாசை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, "நிறம் நல்லா வந்திருக்கு" எண்டுவார். நிறத்தைப் பாக்க மட்டும் ரெண்டு கிளாஸ் போகும்.

எல்லாத்துக்கும் மேலை கலியாணம். எங்கட குடும்பத்திலை ஒரு வழக்கம். கோவிலாலை வந்து மாப்பிளையும் பொம்பிளையும் வாசலிலை நிக்கேக்கை, பொம்பிளையின்ர தாய் தன்ர கையாலை போட்ட மில்க் வைனைச் சின்னக் கிளாசிலை வாத்துத் தன்ர பிள்ளைக்குக் குடுக்கவேணும். பிறகு மாப்பிளைக்கு. அதைக் குடிச்சுப்போட்டுத்தான் உள்ளை கால் வைக்கிறது. ஒரு போத்திலை மட்டும் மெழுகாலை மூடி அலுமாரியிலை வைச்சிருந்து, முதல் பேரப்பிள்ளையின்ர ஞானஸ்நானத்தண்டு திறக்கிறது.

எனக்கு என்ர அம்மா தந்தவ. அந்த மணம் இண்டைக்கும் என்ர தலைக்குள்ளை கிடக்கு. என்ர பிள்ளையும் என்ர மணத்தை வாயிலை வைச்சுக்கொண்டுதான் புது வாழ்க்கைக்குள்ளை போகவேணும் எண்டு அவள் சட்டை போட்டுத் திரிஞ்ச காலத்திலையிருந்து நினைச்சுக்கொண்டிருந்தனான். ஊரிலை எத்தினை கலியாணத்துக்குப் போட்டுக் குடுத்த கை! சொந்தப் பிள்ளைக்குப் போட வெளிக்கிட, மூக்கைக் காணேல்லை. வயிறு எரியாதோ?

சின்யோராவின்ர அலுமாரி

கொஞ்சம் பொறுங்கோ, பலெர்மோவுக்கு ஒருக்கால் போட்டு வருவம்.

இத்தாலியிலை நான் வீட்டு வேலை செய்த கதை முந்தின கிழமையளிலை வந்தது. அங்கை நான் பராமரிச்ச சின்யோராவுக்குக் கால் நடக்காது, வாய் மட்டும் நிக்காது. மத்தியானச் சாப்பாடு முடிய விரலளவு கிளாசிலை இனிப்பா ஏதாவது குடிக்கவேணும். தனியக் குடிக்கமாட்டா. "இரு, நீயும் குடி" எண்டு என்னையும் பக்கத்துக் கதிரையிலை இருத்துவா.

அவவின்ர அலுமாரியைத் திறந்தால் கண் கூசும். மஞ்சளா ஒண்டு, அது அங்கத்தைப் பெரிய தேசிக்காயின்ர தோலிலை செய்யிறது. பச்சையா ஒண்டு, புதினா. கறுப்பு, கோப்பி. சிவப்பு, செரிப்பழம். பெருஞ்சீரகம் மாதிரி மணக்கிற ஒண்டு, தண்ணி ஊத்தின உடனை வெள்ளையாப் போகும், எனக்கு அது பேய் வேலை மாதிரித்தான் தெரிஞ்சது. முட்டை மஞ்சட்கரு அடிச்சுப் போட்ட ஒண்டும் இருந்தது, அதைக் கரண்டியாலைதான் சாப்பிடவேணும். கடைப் போத்திலிலை லிக்கியூர் எண்டு எழுதியிருக்கும். நான் இனிப்புச் சாராயம் எண்டுதான் சொல்லுறனான்.

சின்யோரா சொல்லுவா, உதெல்லாம் மடங்களிலை இருந்த சாமிமார் தொடக்கினது எண்டு. காய்ச்சலுக்கும் வயித்துக்கும் மூலிகையளைச் சாராயத்திலை ஊறப்போட்டவையாம். ஒரே கசப்பு. வருத்தக்காரர் துப்பிப்போடுவினமாம். அதுக்குள்ளை தேனும் பிறகு சீனியும் போட்டவையாம். அண்டையிலையிருந்து ஊரிலை வருத்தக்காரர் கூடிப்போச்சினமாம்.

"உங்கட போத்திலுக்குள்ளை கிடக்கிற கறுவா ஒரு காலத்திலை எங்கட நாட்டிலையிருந்துதான் கப்பல் ஏறினது" எண்டு நான் ஒருநாள் சொன்னன். சின்யோரா யோசிச்சுப்போட்டு, "அப்ப இது உன்ர சாமான்தான்" எண்டு இன்னொரு கிளாஸ் வாத்துத் தந்தா. நல்ல மனுசி.

அவதான் எனக்கு ஒண்டு சொல்லித் தந்தவ. குடிக்க முந்தி மணக்கவேணும். வாய்க்குள்ளை இனிப்பும் எரிவும்தான் கிடக்கு, மிச்சமெல்லாம் மூக்கிலை. மூக்கில்லாமல் குடிச்சுப் பாத்த ஆள் எண்டபடியால் சொல்லுறன், அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. மணத்தை எடுத்துவிட்டால் அந்த அலுமாரி முழுக்க எரியிற சீனித்தண்ணி.

தைலம்

பால் கருகின அண்டு பின்னேரம் ஜெனிற்றா மெதுவா வந்து பக்கத்திலை இருந்தாள். "அம்மா, றீற்றா மாமியைக் கூப்பிடுவமோ?"

"கடையிலை வாங்கி ஊத்துவன். அவவைக் கூப்பிடமாட்டன்."

றீற்றா என்ர மனுசனின்ர அக்கா, எனக்கு மச்சாள். தலைமன்னாரிலை இருக்கிறா, கருவாட்டு வியாபாரம். அவவின்ர மூக்கு அந்தப் பக்கம் பேர் போன மூக்கு. பொதியை அவிழ்க்காமலே உள்ளுக்கு ஒரு பழுது கிடக்கெண்டு சொல்லிப்போடுவா. அவவும் மில்க் வைன் போடுறவ, பெருஞ்சீரகம் தூக்கலா. எனக்கு அது பிடிக்காது.

முந்தி அவவின்ர மகன்ர கலியாணத்துக்கு நான் ஆசையா ரெண்டு போத்தில் கொண்டுபோனன். பந்தல் நிறைய ஆக்கள். மச்சாள் ஒரு வாய் குடிச்சா. ஒரு தும்மல் தும்மினா. பிறகு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா: "சாதிக்காய் கூடிப்போச்சு, பிலோ. தைலம் மாதிரிக் கிடக்கு. உது குடிக்கிறதோ, முழங்காலுக்குப் பூசுறதோ?"

பந்தலே சிரிச்சது. என்ர மனுசனும் சிரிச்சார். அவரை நான் வீட்டை கூட்டிக்கொண்டு வந்து கவனிச்சது வேற கதை.

அதோடை சரி. கோவிலிலை கண்டால், "சுகமோ?" "சுகம்." செத்த வீட்டிலை கண்டால் அதுகும் இல்லை. அப்பிடியே இருபது வருசத்துக்குக் கிட்டப் போச்சு. ஒவ்வொரு நத்தாருக்கும் தம்பியாருக்கெண்டு அனுப்பிற போத்திலோடை ஆரிட்டையாவது சொல்லி விடுவா, "பிலோவிட்டைச் சொல்லுங்கோ, சாதிக்காயைக் குறைக்கச் சொல்லி." நான் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடத் துருவுவன்.

ஆனால் நாளோ கிட்ட வருது. கடைசியிலை என்ர மனுசன் எனக்குச் சொல்லாமல் தமக்கையாருக்குப் போன் அடிச்சுப்போட்டார்.

மூக்கு மட்டும்

அடுத்தநாள் காலமை பஸ்ஸிலை வந்து இறங்கினா மச்சாள். கையிலை கருவாட்டுப் பொதி. என்னட்டை நீட்டி, "நல்ல சீலா, மணந்து பாரும்" எண்டா. பிறகு நாக்கைக் கடிச்சா. வேணுமெண்டு சொன்னவவோ, மறந்து சொன்னவவோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

குசினி வாசலிலையே நான் சட்டத்தைச் சொல்லிப்போட்டன். "மச்சாள், கை என்ர. அளவு என்ர. எனக்கு உங்கட மூக்கு மட்டும் காணும்."

"அப்ப மூக்கைக் கழட்டி மேசையிலை வைச்சிட்டுப் போறன். அலுவல் முடிய ஆரிட்டையாவது குடுத்து விடும்."

ஜெனிற்றா சிரிச்சுப்போட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிப்போட்டன்.

நான் ஊறப்போட்டிருந்த சாடியைத் திறந்து மணந்தா. முகம் சுருங்கிப் போச்சு. "தோல் கசந்து போச்சு பிலோ. எப்பவோ எடுத்திருக்கவேணும்." அவ்வளவு சாராயமும் வீண். முதலிலையிருந்து தொடங்கினம். மச்சாள் போகேல்லை, எங்களோடையே நிண்டுட்டா.

ஒவ்வொரு பின்னேரமும் சாடியைத் திறப்பா. குனிவா. "இன்னும் இல்லை" எண்டுவா. மூடுவா.

"எப்பிடி மணக்குது மச்சாள்?"

"மணக்குது."

"எப்பிடியெண்டு கேக்கிறன்."

"நல்லா மணக்குது."

உப்பிடிச் சொன்னால் என்னெண்டு விளங்கிறது? ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தன். மூண்டாம் நாள் அவவே கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: "இண்டைக்குக் கராம்பு முன்னுக்கு வந்து நிக்குது. கறுவா கதவுக்குப் பின்னாலை நிக்குது. ரெண்டு நாள் பொறும், ரெண்டும் ஒண்டா வரும்." மூக்கு போன பிறகு ஒருத்தரும் எனக்கு ஒரு மணத்தை அப்பிடிச் சொன்னதில்லை.

அதோடை நாங்கள் சமாதானமாப் போட்டம் எண்டு நினைக்காதையுங்கோ. சாதிக்காய் நாள் வந்தது.

நான் துருவத் தொடங்கினன். மச்சாள் சாடியிலை மூக்கை வைச்சுக்கொண்டு, "காணும்" எண்டா.

"காணாது. இன்னும் வேணும்."

"காணும் எண்டு சொல்லுறன்."

"எனக்குத் தெரியும் மச்சாள்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவ கெடுதலாச் சொல்லேல்லை. உள்ளதைத்தான் சொன்னவ. அதுதான் எனக்குச் சுட்டது. துருவலையைப் படாரெண்டு வைச்சன். "அப்ப நீங்களே போடுங்கோ. உங்கட விருப்பத்துக்குப் போடுங்கோ. பெருஞ்சீரகத்தையும் அள்ளிக் கொட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் கோவிலுக்குப் போட்டன்.

மாதாவின்ர தாய் சந்த அன்னம்மாளின்ர சுரூபத்துக்கு முன்னாலை இருந்து ஒரு பாட்டம் அழுதன். "அம்மா, நீங்களும் ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுத்தனீங்கள்தானே. ஒரு மூக்குத் தாங்கோவன்" எண்டு கேட்டன். ஒண்டும் நடக்கேல்லை. பூச்சாடியிலை இருந்த பூவைக்கூட மணந்து பாத்தன்.

வீட்டை வர, எல்லாம் முடிஞ்சு போச்சு. பால் ஊத்தி, திரைஞ்சு, பிளானல் துணியாலை சொட்டுச் சொட்டா இறங்கிக்கொண்டிருந்தது. மச்சாள் கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டா.

"என்ன போட்டனீங்கள்?"

"போட வேண்டியதைப் போட்டனான்."

ஒரு கரண்டி எடுத்து வாயிலை விட்டுப் பாத்தன். இனிப்புத் தெரிஞ்சது. புளி தெரிஞ்சது. எரிவு தெரிஞ்சது. அதுக்கங்காலை ஒண்டும் இல்லை, சுவர்.

வாசலிலை

கலியாணத்தண்டு வாசலிலை நிண்டு வாத்துக் குடுத்தன். ஜெனிற்றா ஒரு வாய் குடிச்சாள். கண்ணை மூடினாள். "அம்மா" எண்டு என்ர கழுத்தைக் கட்டிப்பிடிச்சாள், முக்காடு சரிய. பிரிஞ்சு போறதை நினைச்சு அழுகிறாள் எண்டுதான் நான் நினைச்சன். மாப்பிளை குடிச்சான், அவன்ர தாய்க்கும் குடுத்தன். பேசாலை ஊர் மனுசி, கிளாசைத் திருப்பித் தராமலே மற்றக் கையாலை போத்திலைக் காட்டினா.

"பிலோ அக்காவின்ர கை கைதான்" எண்டிச்சினம் சனம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஊசி. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனேயொழிய, உள்ளுக்கு எனக்குத் தெரியும், என்ர பிள்ளை றீற்றா மச்சாளின்ர மணத்தை வாயிலை வைச்சுக்கொண்டு போறாள் எண்டு. மச்சாளோ பந்தல் மூலையிலை ஒரு கதிரையிலை இருந்து, லேஞ்சியை மூக்கிலை வைச்சுத் தும்மிக்கொண்டிருந்தா. பந்தல் தூசி எண்டு நினைச்சன். அண்டிரவே தலைமன்னாருக்குப் போட்டா. நன்றி சொன்னன், ஆனால் வாயாலைதான்.

வழக்கப்படி ஒரு போத்திலை மெழுகாலை மூடி அலுமாரியிலை வைச்சன். பிறகு ஜெனிற்றா வந்து போகேக்கை அவளிட்டை ஒருக்காலும் கேக்கேல்லை, என்ன மணம் இருந்தது எண்டு. கேட்டால் அவள் சொல்லிப்போடுவாள் எண்ட பயம்.

மண்ணெண்ணெய்

கனகாலம் ஒண்டும் இல்லை. பிறகு இந்த வருசம் ஒரு காலமை, கடலாலை வந்த என்ர மனுசன் சாறத்தைக் கழட்டிக் கொடியிலை போட்டார். நான் அந்தப் பக்கமா வாளியோடை போறன். ஏதோ ஒண்டு மூக்குக்குள்ளை ஏறினது.

நிண்டன். திரும்பி வந்தன். சாறத்தைப் பிடிச்சு முகத்திலை வைச்சன். மண்ணெண்ணெய்! வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயும் வியர்வையும் மீன் செதிலும்! அந்தச் சாறத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு முத்தின பைத்தியம் மாதிரிச் சிரிச்சன்.

"பிலோ, என்னடியப்பா? ஆரையும் கூப்பிடட்டோ?" எண்டார் மனுசன்.

"நாறுது!" எண்டன். "உங்கட சாறம் நாறுது!"

இவ்வளவு சந்தோசமா ஆரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டினம்.

அதுக்குப் பிறகு வீடு முழுக்க ஓடித் திரிஞ்சன். சவுக்காரம். மிளகாய்த்தூள். பழைய ஜெபப்புத்தகம். எல்லாம் மெல்லிசா, ஆனால் எல்லாம் மணக்குது. கடைசியிலை அலுமாரிக்கு முன்னாலை வந்து நிண்டன். ஜெனிற்றாவுக்கு அப்ப வயித்திலை ஆறு மாசம். அந்தப் போத்தில் ஞானஸ்நானத்துக்கு. திறக்கக்கூடாது. திறந்தன்.

கறுவா வந்தது. கராம்பு வந்தது. பிறகு, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வாற விருந்தாளி மாதிரி, சாதிக்காய்.

என்ர சாதிக்காய். நான் இருபது வருசமா, மச்சாளுக்கு எரிச்சல் வரட்டுமெண்டே கூடக் கூடத் துருவின அதே அளவு. பெருஞ்சீரகம் மருந்துக்கும் இல்லை. ஒரு மிடறு குடிச்சுப் பாத்தன். நான் போட்டது மாதிரி இல்லை, நானே போட்டதுதான்.

வாசலிலை ஜெனிற்றா ஏன் "அம்மா" எண்டு கட்டிப்பிடிச்சவள் எண்டதும் அப்பதான் தெரிஞ்சது. அப்பிடியே கதிரையிலை இருந்திட்டன். பிறகு போனை எடுத்தன்.

"மச்சாள், நான் பிலோ. போத்திலைத் திறந்துபோட்டன்."

"ஐயோ, விசரே! அது பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கெல்லோ!"

"மணக்குது மச்சாள்."

போனுக்குள்ளாலை தலைமன்னார்க் கடல் கேட்டது.

"என்ன மணக்குது?" எண்டா, குரல் மெல்லிசா.

"சாதிக்காய்" எண்டன். "கூடிப்போச்சு மச்சாள். சரியான கூட. தைலம் மாதிரிக் கிடக்கு."

மச்சாள் சிரிக்கத் தொடங்கினா. சிரிச்சுச் சிரிச்சு இருமினா. "இப்பதானோ தெரியுது? முழுக்காயையும் துருவினனான் பிலோ. துருவித் துருவிக் கை நொந்து போச்சு. கலியாண வீடு முழுக்க எனக்குத் தும்மல்."

"பிறகேன் போட்டனீங்கள்? உங்கட விருப்பத்துக்குப் போடச் சொல்லித்தானே போனனான்."

"உம்மட பிள்ளை உம்மட வாசலிலை நிக்கேக்கை, என்ர மணம் என்னத்துக்கு?"

போத்திலை இன்னொருக்கால் மூக்கிலை வைச்சன். ஒண்டும் மணக்கேல்லை. அவ்வளவு காலம் காத்திருந்து வந்த மூக்கு, வந்த அண்டைக்கே அழுது அடைச்சுப்போச்சு.